கேட்ச் பிடித்த பிறகு

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குத் தனோஜன் எங்கள் அலுவலகக் கண்ணாடித் தடுப்பின் முன் வந்து நின்று, பேஸ்பால் அணிப் படிவம் ஒன்றை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். எட்டுப் பெயர்கள் நீல மையில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஒன்பதாவது வரியில் பெயர் இல்லை. அந்த வெற்று வரியின் மீது அவர் பேனா முனையை வைத்தும் எடுத்தும் ஏழெட்டுச் சிறு புள்ளிகளை உண்டாக்கியிருந்தார்.

“அன்ரி, நைன் பேர் வேணும். எயிட் எண்டால் விடமாட்டினம்.”

“எப்ப மட்டும் நேரம் தந்திருக்கினம்?”

“நாளைக்கு ஃபைவ் மட்டும்.”

“பாப்பம்” என்றேன். யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆகவே எனது ‘பாப்பம்’ என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் அதிக மதிப்பு இருந்ததில்லை. தனோஜனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் புன்னகை செய்யவில்லை. படிவத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கல்லூரி ஹென்டர்சன் ரயில் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடைத் தூரத்தில், ஒரு தளபாடக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இயங்குகிறது. கணினி, வணிகம், முதியோர் பராமரிப்பு ஆகிய மூன்று துறைகளே உள்ளன. சொந்த விளையாட்டுத் திடல் கிடையாது; ரயில் நிலையத்தின் பக்கத்திலுள்ள பொதுத் திடலையே பயன்படுத்துகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு ஆங்கிலம் கற்பித்த கொரிய ஆசிரியர் ஒருவர் பேஸ்பால் மீது கொண்ட பற்றினால் ஓர் அணியைத் தொடங்கினார் என்றும், ஊர் திரும்பும்போது மட்டைகளையும் கையுறைகளையும் இரண்டு பெரிய பைகளில் நிரப்பிக் கல்லூரிக்கே விட்டுச் சென்றார் என்றும் சொல்வார்கள். அணிக்குப் பொறுப்பாக ஊழியர் ஒருவரின் பெயர் வேண்டுமென்று சென்ற வருடம் கேட்டபோது எல்லோரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்திவிட்டேன். அவ்வளவே நடந்தது. அன்றிரவு என் கணவர் கீதன், “நிசாந்தினி, நீர் ஒருக்காலாவது ஏலாது எண்டு சொல்லிப் பழகும். இல்லாட்டி நாளைக்கு ரக்பிக்கும் உம்மைத்தான் கூப்பிடுவினம்” என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் சிரித்தார்.

தனோஜனுக்கு இது மூன்றாவதும் இறுதியுமான வருடம். முதல் வருடம் அணி கடைசி இடத்தைப் பெற்றது. இரண்டாம் வருடம் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்பது பேர் சேராததால், ஒரு பந்துகூட எறியப்படாமலே தோல்வி எழுதப்பட்டது. இம்முறை கோடைத் தொடரை நடத்துபவர்கள் மிகவும் கண்ணியமான கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தை எங்கள் அணி ஒன்பது மாணவர்களுடன் தொடங்கி, அதே ஒன்பது பேருடன் முடிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எங்கள் இடம் காத்திருக்கும் வேறொரு கல்லூரிக்குப் போகும். தனோஜனின் பழைய காரைக் கடந்து செல்லும்போதெல்லாம், முன்கண்ணாடிக்குக் கீழே சேறு படிந்த பந்துகள் வெயிலில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். பந்துகளை அவ்வாறு காயவைக்கும் ஒருவரிடம் இடம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அன்று என் கவலையாக இருந்தது.

அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்பு வெற்றி வந்தார். வணிகத் துறை மாணவர், வயது இருபத்தெட்டு. வெளுத்துப்போன அவரது சட்டையின் மார்பில் ‘சேலம் மாவட்டக் கிரிக்கெட்’ என்ற எழுத்துகள் பாதி உதிர்ந்த நிலையில் இருந்தன.

“அக்கா, எக்ஸாம் தேதி போட்டு ஒரு லெட்டர் வேணுங்க. வேர்ஹவுஸ்ல கேக்குறாங்க.”

கடிதத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். பிறகு, மிகுந்த தயக்கத்துடன், “நீங்கள் கிரிக்கெட் விளையாடுறனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஆடுனேங்க, ஊர்ல. அண்டர் நைன்டீன் டிஸ்ட்ரிக்ட். இங்க வந்து ரெண்டு வருசத்துல பேட்டையே தொடல. கிளப்புல போய்க் கேட்டேன். எல்லா டீமும் ஃபுல்லுன்னுட்டாங்க.”

“எங்கட கல்லூரிக்கு ஒரு பேஸ்பால் அணி இருக்கு.”

“பேஸ்பாலா? நமக்கு அது தெரியாதுங்களே.”

“அதுவும் கிரிக்கெட் மாதிரித்தான்” என்றேன். “பந்து வந்தால் பிடிக்கிறது, அடிக்கிறது. நீங்கள் வந்து நிண்டாலே போதும்.”

“சனிக்கிழமை பென்ரோஸ் வேர்ஹவுஸ்ல ஷிஃப்ட் இருக்குமே அக்கா.”

“இந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான்.”

தொடர் பன்னிரண்டு சனிக்கிழமைகள் நீளமானது என்பது எனக்குத் தெரியும். இருப்பினும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைவிட அவருக்கு ஒரு சிறிய விடயமாகக் காட்டுவது மரியாதை என்று அப்போது எண்ணினேன். வெற்றி படிவத்தை வாங்கி, தனோஜன் வைத்த புள்ளிகளின் மேலேயே தமது பெயரை எழுதினார்.

வெள்ளிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் மட்டுமே பயிற்சிக்குக் கிடைத்தது. அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதைத் தனோஜன் மூன்று முறை விளக்கினார். வெற்றி மூன்று முறையும் மட்டையுடனே முதல் பேஸ் எனும் தரைத்திண்டு வரை ஓடி, அதைத் தரையில் நீட்டி வைத்தார். அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிற்கும் சியோனே என்ற தொங்கா நாட்டு இளைஞர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஆனால் பந்தைப் பிடிப்பதில் வெற்றிக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு உயரத்தில் வந்த பந்தும் அவர் நிற்கும் இடத்தைத் தேடி வருவது போலவே இருந்தது.

அன்று மதிய இடைவேளையில் நான் விதிப் புத்தகத்தை முதன்முறையாகப் படித்திருந்தேன். அதில் ஒரு விதி என் கண்ணில் பட்டது. உயரே அடிக்கப்பட்ட பந்தைப் பிடித்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார். ஆனால் ஆட்டம் அத்துடன் நிற்காது. ஏற்கெனவே பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் பந்து பிடிபடும்வரை ஒரு காலை பேஸில் ஊன்றியிருந்து, பிடிபட்ட கணத்தில் அடுத்த பேஸுக்கு ஓடலாம். கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் யாவும் முடிந்துவிடும் என்பது எனக்கே தெரியும். இதை வெற்றியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவருக்குப் பக்கத்தில் போயும் நின்றேன். மாவட்ட அணிக்கு ஆடிய ஒருவருக்குக் கேட்ச் பிடிப்பதைப் பற்றி, வாழ்க்கையில் ஒரு பந்தையும் பிடித்திராத நான் சொல்வது அழகாகுமா? “தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தனோஜனோ சிறுவயது முதல் இந்த ஆட்டத்தையே ஆடியவர். அது சொல்லித் தர வேண்டிய ஒன்று என்றே அவருக்குத் தோன்றியிராது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. புல் கணுக்கால் வரை ஈரமாக இருந்தது. எதிரணியினர் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சீருடை, ஒரே நிறத்தில் பைகள். எங்கள் ஒன்பது பேரின் காற்சட்டைகள் நான்கு நிறங்களில் இருந்தன. தொடரை நடத்தும் பெண்மணி மடக்கு நாற்காலி ஒன்றில் அமர்ந்து, முழங்காலின் மேல் ஒரு பலகையை வைத்துப் பெயர்களைச் சரிபார்த்தார். ஒவ்வொரு பெயரையும் வாசித்த பின் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்துக்கொண்டார். மிகவும் நல்லவராகவே தோன்றினார்.

முதல் இன்னிங்ஸில் அதிக சேதம் ஏற்படவில்லை. தனோஜன் நன்றாகவே எறிந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் எதிரணி அடிக்கும்போது ஒருவர் அவுட். இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஓட்டக்காரர்கள் நின்றார்கள். அப்போது எதிரணியின் உயரமான இளைஞர் ஒருவர் பந்தை மிக உயரத்துக்கு அடித்தார். அது நடு வெளிக்களத்தில் நின்ற வெற்றியையும் தாண்டிச் செல்லும் என்றே எல்லோரும் நினைத்தோம். வெற்றி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார். ஒருமுறைகூடப் பந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலி ஓரத்து மரங்களை அணுகும் வேளையில் கையுறையைத் தோளுக்கு மேலாக நீட்டினார். பந்து அதற்குள் விழுந்தது. எதிரணியினர் சிலரும் கைதட்டினார்கள்.

வெற்றி பந்தை வானத்தை நோக்கி எறிந்தார். அது கீழே வருவதைக்கூடப் பார்க்காமல், இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். அவரது முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை. பாதி வழியில் அவரது ஓட்டம் குறைந்தது. யாரும் அவரை நோக்கி ஓடி வரவில்லை. தனோஜன் பந்தை எறியச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பந்து வெற்றியின் பின்னால் ஈரப்புல்லில் கிடந்தது. மூன்றாவது பேஸில் நின்றவர் அடிப்பவர் நிற்கும் ‘ஹோம்’ பேஸைத் தொட்டு ஓட்டம் எடுத்து, இரண்டாவது பேஸில் நின்றவரும் அவருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்த பிறகுதான் வெற்றி விரித்த கைகளைக் கீழே இறக்கினார்.

எதிரணி அடிக்கும் அந்தப் பாதி இன்னிங்ஸ் முடிந்து எங்கள் அணி பெஞ்சுக்குத் திரும்பியதும் தனோஜன் கையுறையைத் தரையில் எறிந்தார். “கிரிக்கெட் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் இதுதான்” என்று சியோனேவுக்கும் விளங்க வேண்டுமென்றோ என்னவோ ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். “ஹீ இஸ் ஜஸ்ட் அ நம்பர். நம்பருக்குத்தானே எடுத்தது.”

தனோஜனைக் குறை கூறும் எண்ணம் எனக்கில்லை. மூன்று வருட ஏமாற்றம் அந்தச் சொல்லில் இருந்தது. ஆனால் வெற்றி நான்கடி தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் போத்தலை மூடினார். கையுறையைப் பெஞ்சின் மீது மெதுவாக வைத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தின் பக்கமாக நடந்தார்.

எங்கள் அணி அடிக்கும் பாதி அது. அடிக்கும் வரிசையில் வெற்றி கடைசி. ஆகவே அவர் இல்லாததைச் சிறிது நேரத்துக்கு எவரும் அறியப்போவதில்லை. அந்தச் சிறிது நேரம் எவ்வளவு என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்த பெண்மணி பேனாவால் காதோரத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் அலுவலகக் காலணிகளுடன் ஈரப்புல்லில் இறங்கி நடந்தேன். பிறகு, நாற்பத்தாறு வயதில், எல்லோருக்கும் முன்னால் ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தின் முடிவில் அவரை எட்டினேன்.

“வெற்றி, கொஞ்சம் நில்லுங்கோ.”

“நீங்க ஏங்க அக்கா ஓடி வர்றீங்க, வழுக்கும்” என்றார். கோபத்தில்கூட அவர் அதைத்தான் முதலில் சொன்னார். பிறகு பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “கிரிக்கெட் மாதிரித்தான்னு சொன்னீங்களே.”

“ஓம். பொய் சொல்லிப்போட்டன்.”

“ஊர்ல ஒரு கேட்ச் புடிச்சா பத்துப் பேரு ஓடி வந்து மேல விழுவாங்க. மூச்சு முட்டும். இங்க ஒருத்தன் வர்ல. நான் கைய விரிச்சிட்டு நிக்குறேன், லூசு மாதிரி.” அவர் ரயில் தண்டவாளத்தின் பக்கம் பார்த்தார். “அந்தத் தம்பி என்ன சொன்னான்? நம்பர்னு என்னவோ சொன்னானே.”

ஒன்றும் சொல்லவில்லை, அவர் சும்மா கோபத்தில் கதைத்தவர் என்ற வாக்கியம் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. அதுபோன்ற வாக்கியங்களால்தான் என் வாழ்நாள் முழுவதும் நான் எல்லோருடனும் நல்லுறவைப் பேணி வந்திருக்கிறேன்.

“எண்ணிக்கைக்குத்தான் உங்களை எடுத்தது எண்டு சொன்னவர்” என்றேன். “நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இந்த ஒரு சனிக்கிழமை எண்டதும் பொய். பன்னிரண்டு இருக்கு. கேட்ச் பிடிச்ச பிறகு ஓடலாம் எண்ட அந்த விதியும் எனக்கு நேற்றே தெரியும். டிஸ்ட்ரிக்டுக்கு விளையாடின உங்களுக்கு நான் போய் என்ன சொல்லுறது எண்டு வெக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டனான். பிழை உங்களில இல்லை.”

நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்று கதவுகள் திறக்கும் ஒலி கேட்டது. வெற்றி ஏறுவதற்கு ஓடியிருக்கலாம், ஓடியிருந்தால் பிடித்திருப்பார். திடலில் மட்டையில் பந்து படும் ஓசை எழுந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்தது.

“தண்ணி வேணுமான்னு கேட்டீங்களே, அப்பவா?”

“ஓம்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அது சிரிப்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரயில் புறப்பட்டது. அதைக் கண்களால் தொடர்ந்தவர், திடீரென்று வேறொரு குரலில், “இருங்க அக்கா. புடிச்சப்புறம் அவனுங்க ஓடலாம்னா, நாமளும் ஓடலாம்ல?” என்று கேட்டார்.

“ஓம். எல்லாருக்கும் ஒரே விதிதான்.”

“அப்போ மூணாவது பேஸ்ல நம்ம ஆள் இருந்தா, அவுட் ஆனாலும் பரவால்லன்னு வேணும்னே தூக்கி அடிக்கலாம்.”

“அது எனக்குத் தெரியேல்லை. தனோஜனைத்தான் கேக்க வேணும்.”

“கேக்கலாம்” என்றார் வெற்றி. பை அவரது தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்திருந்தது. “கேக்கலாம், வாங்க. மெதுவா வாங்க, வழுக்கும்.”

நாங்கள் திரும்பியபோது இருவர் அவுட் ஆகியிருந்தார்கள், அடித்துக்கொண்டிருந்தவர் தனோஜன். அவருக்கு அடுத்து மட்டையெடுக்க வேண்டியவர் வெற்றி. வெற்றியின் கையுறை பெஞ்சில் தனியாகக் கிடப்பதை அவர் மட்டையை எடுக்க வந்தபோதே கண்டுவிட்டதாகச் சியோனே பிற்பாடு சொன்னார். அதன் பிறகு தனோஜன் சரியாக அடிக்கவே முயலவில்லையாம். பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டால் அது ஃபவுல். ஸ்ட்ரைக் எனும் பிழைக்கணக்கு மூன்றானால்தான் அவுட், ஆனால் இரண்டு ஆன பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் அது மூன்றாவதாகச் சேராது. அவ்வாறு ஒன்பது பந்துகளை அவர் பக்கவாட்டில் தட்டிவிட்டிருந்தார். எதிரணிப் பந்தெறிபவர் சலித்துப்போய் வானத்தைப் பார்த்தார். வெற்றி பெஞ்சுக்கு வருவதைக் கண்ட தனோஜன், அடுத்த பந்தை அசையாமல் விட்டுவிட்டார். அது மிகவும் விலகி வந்த பந்து. நான்காவது தவறான பந்தும் அதுவே. ஆகவே அவர் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்து வெற்றியின் முறை.

அவர் முதல் பந்தையே அடித்தார். அது நேராகப் பந்தெறிபவரின் காலடிக்கு உருண்டது. வெற்றி அங்கேயே நின்று, ஓடலாமா வேண்டாமா என்று கிரிக்கெட்டில் யோசிப்பது போல ஒரு கணம் யோசித்தார். “ஓடுங்கோ” என்று நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அவர் மட்டையுடனே ஓடி, பேஸுக்கு மூன்று அடி முன்பாக மட்டையைத் தரையில் நீட்டி வழுக்கிப் போய்ச் சேற்றில் விழுந்தார். அவர் வருவதற்கு வெகு முன்னதாகவே பந்து அங்கு வந்து சேர்ந்திருந்தது. சியோனே சிரித்து உட்கார்ந்துவிட்டார். சேற்றிலிருந்து எழுந்த வெற்றியும் சிரித்தார். இரண்டாவது பேஸின் அருகிலிருந்து தனோஜன் நடந்து வந்து அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“அண்ணா, நான் சொன்னது பிழை. சொறி.”

“அத விடு தம்பி. இன்னும் என்னென்ன ரூல் சொல்லாம வெச்சிருக்க? மொத்தத்தையும் இப்பவே சொல்லிடு.”

“நிறைய இருக்கு அண்ணா.”

“ஷிஃப்ட்டத்தான் விட்டுட்டு வந்திருக்கேனே. சொல்லு.”

பதினொன்றுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றோம். ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்து வரை ஒன்பது பேரும் நின்றார்கள். நாற்காலியில் இருந்த பெண்மணி பெயர்களை மறுபடியும் வாசித்து முகங்களைப் பார்த்தார். வெற்றியின் முகத்தில் சேறு இருந்ததால் சற்றுக் கூடுதலாகப் பார்த்தார். பிறகு பலகையில் ஏதோ எழுதி, எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோடையில் சந்திப்போம் என்றார். எனக்கு நன்றி என்பதைத் தவிர வேறொரு சொல்லும் வரவில்லை. அதை நான்கு முறை சொன்னேன்.

இருப்பினும் பன்னிரண்டு சனிக்கிழமைகள் என்பது பன்னிரண்டு சனிக்கிழமைகள்தான். பென்ரோஸில் உள்ள மேற்பார்வையாளரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பார்க்கிறேன் என்று வெற்றி சொல்லியிருந்தார். கேட்டாரா, கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. கைபேசியில் கேட்டு எழுதலாம். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். “கேட்டுத் தொலையுமப்பா” என்றார் கீதன். நான்காவது முறை, ‘செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி. நீங்கள் வர வேணும்’ என்று எழுதி, ‘முடிந்தால்’ என்ற சொல்லைச் சேர்க்காமலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைகால நேரம் தொடங்கிய பிறகு வந்த முதல் பயிற்சி நாள். ஆறு மணியிலும் வெளிச்சம் நிறைய இருந்தது. அந்த வெளிச்சத்தின் ஊடே தூறல் விழுந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர் இருவர் இருவராகப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனோஜன் எறிவதற்கு இடையிடையே ரயில் நிலையத்தின் பக்கம் பார்த்தார். நான் பார்க்காதிருக்க முயன்று, குடையின் கம்பிகளைச் சரிசெய்தபடி நின்றேன். ஆறு பதினேழு ரயில் வந்து, நின்று, போயிற்று.

திடலின் தூர முனையில், மரங்களுக்கு இடையே மஞ்சள் நிறம் ஒன்று அசைந்தது. வேர்ஹவுஸ்களில் அணியும் பளிச்சென்ற மேலங்கி அது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மூன்றாவதாக ஒன்று. நடுவில் வந்தவர் வெற்றி என்பதை நடையால் அறிந்தேன். அவர் இரு பக்கமும் திரும்பித் திரும்பி எதையோ விளக்கிக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் நம்பாதவர்களைப் போலத் தலையை ஆட்டினார்கள். ஒருவர் நின்றே விட்டார். பிறகு சிரித்துக்கொண்டு அவர்களை எட்டிப் பிடிக்க ஓடினார்.

தனோஜன் கையிலிருந்த பந்தைச் சியோனேயிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனார். பின்கதவைத் திறந்து, அந்தக் கொரிய ஆசிரியரின் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கையுறைகளை எண்ணாமல் மார்போடு அள்ளிக்கொண்டு அவர்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஒன்று நழுவி ஈரப்புல்லில் விழுந்தது. அவர் குனியவில்லை.